எண் சரியான பிறகும் பிரஷர் மாத்திரை எதற்கு?

தேவகோட்டை வாசகர், 4 அக்டோபர் 2025

என் அப்பச்சிக்கு எழுபத்திரண்டு வயது. சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்தோம். எக்கோ என்ற இதய ஸ்கேனில் பம்பிங் (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு) 35 சதவீதம் என்று எழுதியிருக்கிறார்கள். ராமிப்ரில், மெட்டோப்ரோலால், ஸ்பைரனோலாக்டோன் ஆகிய மூன்றும் நடக்கின்றன. இப்போது எங்கே பார்த்தாலும் 116/74 என்றுதான் வருகிறது. "கொதிப்புத்தான் இறங்கிவிட்டதே, இனி எதற்கு மூன்று மாத்திரை?" என்று கேட்கிறார். இதயத்துக்காகத்தான் என்று மருத்துவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அழுத்தத்தைக் குறைப்பதைத் தவிர இவை இதயத்துக்கு என்ன செய்கின்றன?

4 அக்டோபர், இரவு

தம்பி, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அப்பச்சி இந்த மூன்றில் எதையும் தாமாக நிறுத்த வேண்டாம். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் பணிக்காலம் முழுவதும் மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகும் பள்ளத்தூரில் வீடு தேடி வருபவர்களுக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பம் அரிது. கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

116/74 என்பது மாத்திரை போட்டதால் வந்த எண். இது விடையின் ஒரு பாதி. மறுபாதி என்னவென்றால், அப்பச்சிக்கு வாழ்நாளில் கொதிப்பே வராமல் இருந்திருந்தாலும், மாரடைப்புக்குப் பின் பம்பிங் 35 என்று வந்திருந்தால் இதே மூன்றைத்தான் அநேகமாக எழுதியிருப்பார்கள். அவருக்கு இவை இதயத் தசையைக் காக்கும் மருந்துகள். கொதிப்பு இறங்குவது கூடவே நடப்பது.

இதற்குப் பெரிய சான்று ஹோப் என்ற ஆய்வு. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதயநோய் வல்லுநர் சலீம் யூசுஃப் தலைமையில் நடந்து 2000-இல் வெளிவந்தது. ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ கால் இரத்தக்குழாய் அடைப்போ உள்ளவர்கள், சர்க்கரை நோயோடு வேறு ஆபத்தும் சேர்ந்தவர்கள் என 55 வயதைக் கடந்த 9,297 பேரில் பாதிப் பேருக்கு ராமிப்ரில் 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. அழுத்தம் குறைந்ததோ மேல் எண்ணில் சுமார் 3, கீழ் எண்ணில் சுமார் 2. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது 17.8 சதவீதம் 14 ஆக இறங்கியது, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. மூன்று புள்ளி இறங்கியதற்கு இவ்வளவு பலனா என்று உலகம் முழுவதும் கேட்டார்கள்.

5 அக்டோபர்

எப்படிக் காக்கின்றன என்பதை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

1898-இல் ஸ்டாக்ஹோமில் டிகெர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த சாற்றை இன்னொரு முயலுக்குச் செலுத்தியபோது அதன் அழுத்தம் ஏறியதைக் கண்டு, அதிலிருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். ரெனினில் தொடங்கும் வரிசையின் முடிவில் உருவாகும் ஆஞ்சியோடென்சின்-2 இரத்தக்குழாயை இறுக்குகிறது. உப்பையும் நீரையும் உடலிலேயே நிறுத்தும் ஆல்டோஸ்டீரோனைச் சுரக்க வைக்கிறது. கருவியில் ஏறும் எண் இந்த இரண்டாலும் வருவது. கருவியில் தெரியாத மூன்றாவது வேலை ஒன்றும் அதற்கு உண்டு. இதயத் தசையைத் தடிக்க வைப்பதும், தசை இழைகளுக்கு நடுவே நார்த்தழும்பை வளர்ப்பதும் அந்த வேலை.

மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி இறந்துவிடுகிறது. அந்த இடம் தழும்பாகி மெலிகிறது. எஞ்சிய தசை கூடுதல் பாரத்தைச் சுமக்கிறது. இதயம் தளர்ந்துவிட்டது என்று உணரும் உடல், இரத்தம் குறைந்துபோனதாக எடுத்துக்கொண்டு ரெனினையும் அட்ரினலினையும் மேலும் சுரக்கிறது. வயலில் வெட்டுப்பட்டு இரத்தம் இழந்தவனை அந்தச் சுரப்பு காப்பாற்றும். மாரடைப்பு வந்தவருக்கோ அது மாதக்கணக்கில் ஓடி, இதய அறையை விரித்து, முதல் நாள் தப்பிய தசையையும் கெடுக்கிறது. அப்பச்சியின் மாத்திரைகள் இந்தச் சங்கிலியைத்தான் வெவ்வேறு இடங்களில் அறுக்கின்றன. ராமிப்ரில் ஆஞ்சியோடென்சின்-2 உருவாவதைக் குறைக்கிறது. ஸ்பைரனோலாக்டோன் ஆல்டோஸ்டீரோனைத் தடுக்கிறது. மெட்டோப்ரோலால் அட்ரினலினிடமிருந்து தசையைக் காக்கிறது.

ராமிப்ரிலின் குடும்பம் பாம்பு விஷத்திலிருந்து வந்தது. பிரேசிலின் ஜராராகா என்ற விரியனின் விஷம் உடலிலுள்ள பிராடிகைனின் என்ற பொருளின் வேலையை வலுவாக்குவதை 1965-இல் செர்ஜியோ ஃபெரேரா எழுதினார். அந்த வழியில் போய் ஸ்குவிப் நிறுவனத்தில் ஒன்டெட்டி, குஷ்மன் என்ற இருவர் காப்டோப்ரிலை உருவாக்கினார்கள். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கொதிப்புக்கென்று வந்த மருந்தை இதயத் தளர்ச்சிக்குக் கொடுத்துப் பார்த்தபோதுதான் அதன் பெரும்பலன் தெரிந்தது. 1987-இல் வெளிவந்த கான்சென்சஸ் ஆய்வில், படுக்கையில் கிடந்தபடியே மூச்சு வாங்கும் நிலையிலிருந்த 253 பேரில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் ஆறு மாதத்துக்குள் 44 சதவீதம் பேர் இறந்தார்கள். அதே குடும்பத்து எனலாப்ரில் பெற்றவர்களில் 26 சதவீதம். மாரடைப்புக்குப் பின் பம்பிங் 40-க்குள் இருந்த 2,231 பேருக்குக் காப்டோப்ரில் கொடுத்த சேவ் ஆய்வு (1992) மரணத்தை 19 சதவீதம் குறைத்தது. அப்பச்சியின் நிலைக்கு மிக அருகில் நிற்பது இந்த ஆய்வு. ஸ்பைரனோலாக்டோனுக்கு 1999-இல் வந்த ரேல்ஸ் ஆய்வு. 1,663 பேர், மரணம் 30 சதவீதம் குறைவு.

அப்பச்சியிடம் இவ்வளவும் சொல்ல வேண்டியதில்லை. "இந்த மாத்திரை இதயம் மேலும் விரியாமல் பிடித்து வைக்கிறது" என்று சொன்னால் போதும்.

8 அக்டோபர்

ஹோப் ஆய்வைப் பற்றி முதல் நாள் எழுதியதற்கு ஓர் எல்லை போட வேண்டும். அழுத்தம் குறைந்ததற்கும் பலனுக்கும் தொடர்பே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஆய்வில் ராமிப்ரிலை இரவில் கொடுத்தார்கள். அழுத்தத்தை மருத்துவமனையில் பகலில் அளந்தார்கள். நாள் முழுவதும் கையில் கருவியைக் கட்டி அளந்த ஒரு சிறு குழுவில், இரவில் அழுத்தம் மிக அதிகமாக இறங்கியிருந்தது தெரிந்தது. ஆகவே அந்த மூன்று புள்ளி முழுக் கணக்கு அன்று. 48 ஆய்வுகளின் சுமார் 3,45,000 பேரைச் சேர்த்துப் பார்த்து 2021-இல் வெளியான கணக்கிலும், மேல் எண் 5 குறைந்தால் பெரிய இதய, மூளைப் பாதிப்புகள் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று வந்தது. எண்ணும் முக்கியம்தான்.

மறுபக்கம் 2002-இல் வந்த லைஃப் ஆய்வு இருக்கிறது. கொதிப்பால் இதயச் சுவர் தடித்த 9,193 பேருக்கு, ஆஞ்சியோடென்சின்-2-இன் வேலையைத் தடுக்கும் லோசார்டனோ மெட்டோப்ரோலால் வகையைச் சேர்ந்த அட்டனோலாலோ கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியது. ஆனால் லோசார்டன் பெற்றவர்களுக்குப் பக்கவாதம் நான்கில் ஒரு பங்கு குறைவாக வந்தது, இதயச் சுவரின் தடிப்பும் அதிகமாகக் குறைந்தது. மாரடைப்பில் மட்டும் வேறுபாடு இல்லை. ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தாலும் எந்த மருந்தால் கொண்டுவந்தோம் என்பதற்குத் தனி மதிப்பு உண்டு என்ற என் நம்பிக்கைக்கு ஹோப்பைவிட லைஃப்தான் உறுதியான அடிப்படை.

11 அக்டோபர்

காரைக்குடியிலிருந்து ஓர் அன்பர் கேட்கிறார்: தம் மனைவிக்கு மாரடைப்பு வந்து பம்பிங் 60 என்று இயல்பாகவே இருக்கிறது, மெட்டோப்ரோலால் ஆயுள் முழுவதும் வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு விடை இப்போதுதான் மாறிக்கொண்டிருக்கிறது. ஜேம்ஸ் பிளாக் 1960-களில் மெட்டோப்ரோலால் வகையைச் சேர்ந்த ப்ராப்ரனோலாலைக் கொண்டுவந்தார். 1988-இல் நோபல் பரிசு பெற்றார். மாரடைப்பிலிருந்து மீண்ட 3,837 பேரிடம் அந்த மருந்தை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில் மரணம் 9.8 சதவீதத்திலிருந்து 7.2 ஆக இறங்கியதால், 1981-இல் அதைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திப் பலனை அறிவித்தார்கள். அன்று முதல் மாரடைப்பு வந்த எல்லோருக்கும் இந்த வகை மருந்து எழுதப்பட்டது. ஆனால் அந்தக் காலத்தில் ஸ்டென்ட் இல்லை, அடைப்பை உடனே திறப்பதும் இல்லை; ஆகவே இதயத்தில் பெரிய தழும்பு விழுந்தது. இன்று சரியான நேரத்தில் அடைப்பைத் திறந்து பம்பிங் கெடாமல் தப்பித்தவர்களுக்கும் அதே பலன் உண்டா என்று 2024-இல் ஸ்வீடன் தலைமையிலான ரெட்யூஸ் ஆய்வு 5,020 பேரிடம் பார்த்தது, பலன் தெரியவில்லை. 2025 ஆகஸ்ட் இறுதியில் மாட்ரிட் இதயநோய் மாநாட்டில், ஸ்பெயினும் இத்தாலியும் சேர்ந்து 8,500 பேரிடம் நடத்திய ரீபூட் ஆய்வும் பம்பிங் 40-க்கு மேல் உள்ளவர்களுக்குப் பலன் இல்லை என்றது. அதே மாநாட்டில் டென்மார்க், நார்வே ஆய்வு கொஞ்சம் பலன் இருப்பதாகச் சொன்னது. 40-க்கும் 50-க்கும் இடையில் உள்ளவர்களுக்குப் பலன் இருக்கிறது என்பதுதான் இவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த நிலை.

ஆகவே அன்பர் தம் மனைவியின் எக்கோ தாளை எடுத்துக்கொண்டு போய் இதயநோய் மருத்துவரிடம் இந்தக் கேள்வியை அப்படியே கேட்கலாம். தேவகோட்டை அப்பச்சிக்கு இது பொருந்தாது. பம்பிங் 35 உள்ளவர்களுக்கு இந்த வகை மருந்து ஆயுளைக் கூட்டுகிறது என்பதில் ஐயம் இல்லை. 1999-இல் வந்த சிபிஸ் ஆய்வில் பிசோப்ரோலால் 2,647 பேரிடம் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. தளர்ந்த இதயத்துக்கு இந்த மருந்து ஆகவே ஆகாது என்று பாடநூல்கள் எழுதியிருந்த காலத்திலேயே, 1975-இல், ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் வாக்ஸ்டைன் குழுவினர் அதைச் சிறு அளவில் தொடங்கி நோயாளிகள் தேறியதை எழுதினார்கள். உலகம் ஒப்புக்கொள்ள ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆயிற்று. சிறு அளவில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும் என்ற வழக்கமும் அங்கிருந்து வந்ததே.

11 அக்டோபர், மாலை

மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் நாளைக் காலையில் மெட்டோப்ரோலாலையோ அட்டனோலாலையோ நிறுத்திவிட வேண்டாம். நாள்பட எடுத்துவந்த இந்த வகை மாத்திரையைத் திடீரென்று விட்டால், அதுவரை தடுக்கப்பட்டிருந்த அட்ரினலின் ஒரேயடியாகத் தாக்கி நெஞ்சுவலியும், சிலருக்கு மாரடைப்பும் வரும். மருத்துவர் சொல்லி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

16 அக்டோபர்

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சியைப் பார்த்துவிட்டு வந்தேன். மகனும் மருமகளும் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். அந்தப் பெரிய வீட்டில் இரண்டாங்கட்டில் ஓர் அறையில் மட்டும் புழங்குகிறார். கால் வீக்கமும் தலைச்சுற்றலும் இருப்பதாகச் சொன்னார். மாத்திரையைக் கொண்டுவரச் சொன்னதும் எவர்சில்வர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். பாக்குவெட்டிக்கும் சுண்ணாம்பு டப்பாவுக்கும் நடுவே கத்தரித்த அட்டைத் துண்டுகள் கிடந்தன. ஒரு துண்டில் மருந்துப் பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருந்தன. இன்னொன்றில் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. "சிவப்பு அட்டை காலைக்கு, பச்சை அட்டை ராத்திரிக்கு" என்றார். இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு பெயரில் விற்கும் ஒரே மெட்டோப்ரோலால்தான் அவை என்று தெரிந்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி நிமிடத்துக்கு ஐம்பதைத் தொடவில்லை. அன்றைக்கே ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் அழைத்துப் போனோம்.

இதயத்தைக் காக்கும் மருந்து, அளவு இரண்டானால் இதயத்தையே மெதுவாக்கிப் படுக்க வைத்துவிடும். நாலு மாத்திரை போதும் என்று கத்தரித்து வாங்கும் பழக்கத்தைக் கைவிட முடியாதவர்கள், பெயர் அச்சிட்ட பக்கத்தைத் தங்களுக்கு விடச் சொல்லி வாங்குங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடம், வெளியில் வாங்கிய மாத்திரைகளையும் எடுத்துக் காட்டுங்கள். இரண்டு பக்கமிருந்தும் ஒரே மருந்து வருவது நான் பலமுறை கண்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும், வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தால் பெரிய உதவியாக இருக்கும்.

19 அக்டோபர்

நாளை தீபாவளி. பலகாரத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சீடை, முறுக்கு, ஊறுகாய், உப்புக்கண்டம் எல்லாவற்றிலும் இருக்கும் உப்பு, ராமிப்ரில் வகையின் வேலையைக் குறைத்துவிடும். கொதிப்புக்கு நல்லது என்று இந்துப்பு வாங்குகிறார்கள். அதுவும் சோடியம் உப்புதான். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருக்கிறார்கள். ஸ்பைரனோலாக்டோனும் ராமிப்ரிலும் சேர்ந்து நடக்கும் அப்பச்சிக்கு அது ஆகாது. தினமும் இளநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு மருந்தும் உடலில் பொட்டாசியத்தை நிறுத்தி வைப்பவை. பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரேல்ஸ் ஆய்வு வந்த பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் பலருக்கும் ஸ்பைரனோலாக்டோன் எழுதத் தொடங்கியபோது, பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் கூடினார்கள். ஆய்வில் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெளியில் அந்தக் கவனிப்பு இல்லை.

24 அக்டோபர்

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே இந்த மருந்துகளைக் கொடுத்தால் தசையைக் கூடுதலாகக் காப்பாற்ற முடியாதா என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

அடைபட்ட குழாயைத் திறந்தே ஆக வேண்டும். திறக்காவிட்டால் தசை சாகும். ஆனால் திறக்கும்போதே ஒரு சேதம் நடக்கிறது. வறண்டு வெடித்த கண்மாய்க் கரையில் திடீரென்று வெள்ளம் வந்து மோதினால் கரை அறுத்துக்கொண்டு போவதைப் போன்றது அது. பட்டினி கிடந்த செல்லுக்குள் ஆக்சிஜன் பாயும்போது நச்சு மூலக்கூறுகள் பெருகுகின்றன, கால்சியம் நிறைந்து வழிகிறது, ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா உடைகிறது, வெள்ளை அணுக்கள் திரண்டு வந்து நுண்குழாய்களை அடைக்கின்றன. இதயத்துக்குத் தன்னைத் தானே காக்கும் ஒரு திறமை உண்டு என்பதும் தெரிந்ததே. 1986-இல் அமெரிக்காவில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் ஆகியோர் நாயின் இதயக் குழாயை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்த பின் 40 நிமிடம் அடைத்தபோது, முன்தயாரிப்பு இல்லாத நாய்களில் இறந்த தசையின் அளவில் நான்கில் ஒரு பங்கே இறந்தது. அந்தத் திறமையை மருந்தால் வரவழைக்கலாம் என்று முயன்றவர்கள் பலர்; நோயாளிகளிடம் வந்தபோது பெரும்பாலான மருந்துகள் தோற்றன.

கொதிப்பு மருந்துகளில் மெட்டோப்ரோலாலுக்கு மட்டும் ஒரு நம்பிக்கை பிறந்தது. 2013-இல் ஸ்பெயினில் போர்ஹா இபான்யெஸ் குழுவினர், முன்பக்க மாரடைப்பு வந்த 270 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைக்கும் முன்பே அதை ஊசியாகச் செலுத்தினார்கள். பிறகு ஸ்கேனில் பார்த்தபோது ஊசி பெறாதவர்களுக்குச் சராசரியாக 32 கிராம் தசையும், பெற்றவர்களுக்கு 25.6 கிராமும் பாதிக்கப்பட்டிருந்தன. அந்த வெள்ளை அணுக்களை இந்த மருந்து மந்தப்படுத்துவதுதான் காரணம் என்று பின்னர் காட்டினார்கள். ஆனால் 2016-இல் இன்னோர் ஐரோப்பிய ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதற்கும் முன்பே 2005-இல் சீனாவில் 45,852 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், மாரடைப்பு வந்தவுடன் பாதிப் பேருக்கு மெட்டோப்ரோலால் ஊசி போட்டதில் ஆயிரத்துக்கு ஐந்து பேருக்கு மறு மாரடைப்பு தவிர்ந்தது; ஆயிரத்துக்குப் பதினோரு பேர் கூடுதலாக, இதயம் போதிய இரத்தத்தைத் தள்ள முடியாத அதிர்ச்சி நிலைக்குப் போனார்கள்.

ஆகவே நெஞ்சுவலி வந்தவருக்கு வீட்டிலிருக்கும் பிரஷர் மாத்திரையை யாரும் கூடுதலாகக் கொடுத்துவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். நிபெடிபின் குளிகையைக் குத்தி நாக்குக்கு அடியில் பிழிந்துவிடும் வழக்கம் ஒரு காலத்தில் எல்லா ஊரிலும் இருந்தது. அழுத்தம் சடசடவென்று சரிந்து மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போதாமல் போய்விடுகிறது என்று 1990-களின் நடுவில் எச்சரித்து அதைக் கைவிடச் சொன்னார்கள். ஆனாலும் இன்றும் ஊருக்குள் அந்த யோசனையைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 108-ஐ அழைத்து, அடைப்பைத் திறக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு விரைவாகப் போவதை மிஞ்சிய பாதுகாப்பு எதுவும் இல்லை.

26 அக்டோபர்

நேற்று முன்தினம் எழுதியதோடு சேர்த்துப் படிக்க இன்னொன்று. வேறு அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களின் இதயத்தை முன்கூட்டியே காக்கலாம் என்று மெட்டோப்ரோலால் கொடுத்துப் பார்த்த பாய்ஸ் ஆய்வு (2008, 8,351 பேர்) மாரடைப்பை 5.7 சதவீதத்திலிருந்து 4.2 ஆகக் குறைத்தது; ஆனால் மரணம் 2.3-லிருந்து 3.1 ஆக ஏறியது, பக்கவாதம் இரண்டு மடங்கானது. இதயம் தப்பி மனிதர் தப்பவில்லை என்றால் அதைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது? இதயத்தைக் காக்கும் மருந்து என்று எங்கே படித்தாலும், ஆள் பிழைத்தாரா என்ற எண்ணைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.

3 நவம்பர்

கோட்டையூர் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார்: அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய், சிவப்பு நிற மருந்து ஏற்றுகிறார்கள், கொதிப்பே இல்லாதவருக்குக் கார்வெடிலால் எழுதியிருக்கிறார்கள், தவறுதலாக எழுதிவிட்டார்களா?

தவறுதலாக இருக்க வேண்டியதில்லை, அம்மா. அந்தச் சிவப்பு மருந்து அநேகமாக டாக்ஸோரூபிசின் வகையாக இருக்கும். புற்றுச் செல்லைக் கொல்வதில் வலியது. மொத்த அளவு ஏற ஏற இதயத் தசையையும் தாக்கக் கூடியது. அதைத் தடுக்கக் கொதிப்பு மருந்துகளை முன்கூட்டியே கொடுக்கும் முயற்சி இருபது ஆண்டுகளாக நடக்கிறது. 2006-இல் இத்தாலியின் மிலானில், சிகிச்சையின்போது இதயத் தசை பாதிக்கப்படுவதைக் காட்டும் டிரோபோனின் இரத்தத்தில் ஏறிய 114 பேரில் எனலாப்ரில் பெறாதவர்களில் 43 சதவீதம் பேருக்குப் பம்பிங் குறைந்தது. பெற்றவர்களில் ஒருவருக்கும் குறையவில்லை. இவ்வளவு தெளிவான பலன் பின்வந்த ஆய்வுகளில் கிடைக்கவில்லை. நார்வேயில் கான்டெசார்டன் பம்பிங் குறைவைச் சிறிது தடுத்தது, ஆனால் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது வேறுபாடு நிற்கவில்லை. பிரேசிலில் 200 பேரிடம் கார்வெடிலால் பம்பிங்கில் மாற்றம் காட்டவில்லை, டிரோபோனின் ஏறுவதை மட்டும் குறைத்தது. 2024-இல் பிரிட்டனில் எனலாப்ரில் டிரோபோனின் ஏறுவதையும் தடுக்கவில்லை. எல்லோருக்கும் வேண்டியதில்லை, இதய ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்குக் கொடுக்கலாம் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. எந்த ஆபத்தைக் கண்டு எழுதினீர்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். எக்கோவைத் தவறாமல் எடுங்கள். எழுந்து நிற்கும்போது அண்ணிக்குக் கண் இருட்டினால் அன்றே தெரிவியுங்கள்.

10 நவம்பர்

தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள் இப்போதே நடைப் பயிற்சியைத் தொடங்கிவிட்டார்கள். காவடியோடு குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் போகும் கூட்டத்தில் கொதிப்பு மாத்திரை எடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வழியில் சிறுநீர் கழிக்க இடமில்லை என்று நீர் மாத்திரையை விடுவார்கள். விரத நாள் என்று எல்லாவற்றையும் விடுவார்கள். கால்வலிக்கு மட்டும் டைக்ளோஃபினாக் மாத்திரையை வேளைக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்வார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது கடைசியில் சொன்னது. ராமிப்ரில் அல்லது டெல்மிசார்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை ஆகிய மூன்றும் வெயிலில் வற்றிய உடலில் சேரும்போது சிறுநீரகம் திடீரென்று பழுதாகும். நடந்து திரும்பிய பின் முகம் வீங்கி, சிறுநீர் குறைந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலிக்கு எதைப் போடலாம், வாந்தி பேதி வந்தால் எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்தி வைக்கலாம் என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

12 நவம்பர்

அம்லோடிபின் என்ற கொதிப்பு மாத்திரையும் இதயத்தைக் காக்குமா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: நல்ல மருந்து; பக்கவாதத்தையும் மாரடைப்பையும் குறைக்கிறது; ஆனால் இதயத் தளர்ச்சியைத் தடுப்பதில் பின்தங்குகிறது. 33,357 பேரிடம் நடந்து 2002-இல் முடிந்த ஆல்ஹாட் ஆய்வில், மலிவான நீர் மாத்திரையான குளோர்தாலிடோனோடு ஒப்பிட்டால் அம்லோடிபின் எடுத்தவர்களுக்கு இதயத் தளர்ச்சி 38 சதவீதம் கூடுதலாக வந்தது. அதே ஆய்வில் டாக்ஸசோசின் எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்ததால் அந்தப் பிரிவை 2000-இலேயே நிறுத்திவிட்டார்கள்.

17 நவம்பர்

தேவகோட்டைத் தம்பி மீண்டும் எழுதியிருக்கிறார். அப்பச்சி மாத்திரைகளைத் தொடர ஒப்புக்கொண்டாராம். ஆனால் சில வாரங்களாக இரவில் வறட்டு இருமல், தூக்கம் போகிறது, அதனால் ராமிப்ரிலை மட்டும் விடலாமா என்று கேட்கிறாராம்.

அந்த இருமல் ராமிப்ரிலால் வருவதாக இருக்கலாம். பிராடிகைனினைப் பற்றி 5-ஆம் தேதி எழுதினேன். அது உடலில் சேர்வதால் தொண்டை அரித்துக்கொண்டே இருக்கும், சளி இருக்காது. எனக்கே எனலாப்ரில் எடுத்தபோது வந்தது, மாற்றிய சில வாரங்களில் அடங்கியது. ஆனால் பம்பிங் குறைந்தவருக்கு இதயத் தளர்ச்சி முற்றினாலும் படுத்தவுடன் இருமல் வரும். ஆகையால் வீட்டிலேயே முடிவு செய்யாமல் இந்த வாரமே காட்டுங்கள். தலையணையை உயர்த்தினால் இருமல் குறைகிறதா, கால் வீங்குகிறதா, இரண்டு மூன்று நாளில் எடை ஏறியதா என்று பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். உதடோ நாக்கோ வீங்கினால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

ராமிப்ரில்தான் காரணம் என்றால் டெல்மிசார்டன் போன்ற ஒன்றுக்கு மாற்றுவார்கள். 25,620 பேரிடம் நடந்து 2008-இல் வந்த ஆன்டார்கெட் ஆய்வில், இதயத் தளர்ச்சி இல்லாத ஆபத்துள்ளவர்களுக்கு டெல்மிசார்டன் ராமிப்ரிலுக்கு இணையாகக் காத்தது, இருமல் குறைவாக வந்தது; இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லாமல் தலைச்சுற்றலும் சிறுநீரகக் கோளாறும்தான் கூடின. எனவே புது மாத்திரை வந்த அன்றே பழைய ராமிப்ரில் அட்டையை வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிடுங்கள். மாற்றிய ஓரிரு வாரத்தில் பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டுக்கும் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தாள் வந்ததும் எண்களை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.